பதினெட்டாவது ஆள்

பம்பலப்பிட்டியில் மழை. பஸ் அசையவில்லை.
காதுக்குள் யாரோ ஒருத்தி
கிட்டாரை மெல்லத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.
ப்ளூஸாம். பெயர் லொறேன் கெலார்ட்.
ஊர் போடவில்லை.
இதுவரை கேட்டவர்கள்: பதினேழு.

போன கிழமை அகப்பட்டவன் கன்ட்ரி பாடுகிறவன்.
குதிரைக்குப் பதிலாக
லீசிங்காரர் இழுத்துப்போன ஓட்டோவுக்கு அழுதான்.
பிடித்திருந்தது.

இவளை
மிசிசிப்பிப் பக்கம் எங்கோ என்று நினைத்தேன்.
இரண்டாம் சரணத்தில் ஒரு ரயில் ஊதுகிறது.
நீளமாய் ஒன்று, கட்டையாய் இரண்டு.
பாட்டை நிறுத்தாமல்
ஒரே கம்பியைத் தட்டித் தட்டி
அது போய்முடியக் காத்திருக்கிறாள்.

வெள்ளவத்தையில் நாங்களும் அப்படித்தான்,
பாதி வசனத்தை வாயில் வைத்துக்கொண்டு
போனைப் பிடித்தபடி நிற்போம்.

அந்த ஊதல் எனக்குத் தெரியும்.
எங்கள் யன்னல் கண்ணாடிக்கும் தெரியும்.

திரும்பப் போட்டேன்.
பதினெட்டு.