தொதலுக்கு முன்

பத்து ஆட்டம், ஏழு வெற்றி.
நெய்னா தொதல் வாங்கக் கிளம்பிவிட்டான்.

நான் இரண்டு கணினியையும் தொட்டுப் பார்த்தேன்.
அவன் நிரல் ஓடியது ஜன்னலோரம்,
கீழக்கரைக் கச்சான் விசிறிவிட
குளிர்ந்து கிடந்தது.
என்னுடையது ஐஸ்பெட்டி மோட்டாருக்குப் பின்னால்
அடுப்புக்கல்லாய்.
சூடேறினால் யோசனை மெதுவாகும்.
பாதி மூச்சில் ஓடியதைத்
தோற்றது என்று எழுதலாமா?

பாய்ப்படகுப் பந்தயத்தில்கூட
காற்றுப்பக்கம் யாருக்கு என்று
சீட்டுக் குலுக்குகிறார்கள்.

ஒரே கணினியில் இரண்டையும் ஏற்றினேன்.
ஒன்று யோசிக்கையில் மற்றது சும்மா இருக்கணும்.
மனப்பாடம் செய்த தொடக்கங்களை
இரண்டிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டு
நானே பொறுக்கிய நூறு நிலைகளைக் கொடுத்தேன்,
ஒவ்வொன்றும் இரண்டு தரம்:
இப்போது உனக்கு வெள்ளை,
அடுத்தது உனக்குக் கறுப்பு.
மின்சாரம் போன ஆட்டத்தை
முதல் நகர்விலிருந்து மறுபடி விட்டேன்.
அதில் நான் ஒரு யானை முன்னால் இருந்தேன்.

மூன்று இரவு.
சுபுஹு பாங்கோடு முடிந்தது கடைசி ஆட்டம்.
நூற்று நான்கு, தொண்ணூற்றாறு.
எட்டுப் புள்ளி, எனக்குத்தான்.

எழுதக் கை பரபரத்தது.
ஆனால் இருநூறில் எட்டு என்பது
நாளைக்கே எதிர்ப்பக்கம் புரளும் அலை.
ஆயிரங்களில் கேட்க வேண்டிய கேள்வியை
நூறுகளில் கேட்டிருக்கிறோம்.

"யாருதுடா பெருசு?" என்றான் நெய்னா.
"இன்னும் தெரியாது."
"அப்போ இந்தத் தொதல்?"
மூன்று நாளாய்ப் பிரிக்காத பொட்டலம்.

"வெட்டுறது நீ," என்றேன்,
"எடுக்கிறது நான்."