பழைய சீட்டு

ரயில்வே கேட் நாள் முழுக்கத் திறந்தே கிடந்த மாதம்.
அது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று
நீடாமங்கலத்துக்காரர்களுக்குத்தான் புரியும்.

மருந்துக்கடை வாசலில் நான் போட்ட சுண்ணாம்பு வட்டங்களில்
செருப்புகள் வரிசையில் நின்றன.
ஆட்கள் எதிர்க்கடை நிழலில்.

எல்லார் கையிலும் பழைய சீட்டு.
மடித்து மடித்து நான்காய் விட்டுப்போனது,
வேர்வையில் மை ஊறியது.
ஒருவர் சர்க்கரைச் சீட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார்,
பட்டா மாதிரி.
"அதே மாத்திரதான். ஒண்ணும் மாத்தல."
முதலாளி ஜபருல்லா தேதியை மட்டும் பார்ப்பார்.

தஞ்சாவூர் டாக்டருக்குப் போன் போட்டால்
மணி அடிக்கும் முன் யாரோ இருமுவார்கள்.
இருமல் முடிந்து, அறிவுரை முடிந்து,
அதற்கப்புறமும் எடுக்க ஆளில்லை.
பத்து நாளைக்குப் பத்து என்று
கத்தரித்துக் கத்தரித்துக் கொடுத்தோம்.

பாலத்தில் தடுப்பு போட்டிருந்ததால்
சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு
வெண்ணாற்று மணலில் இறங்கி ஏறி வந்தான் நீலமேகம்.
நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன்.
புருவத்தில் இன்னும் உமித்தூசி.
"வீட்டுக்காரிய திருவாரூர் காலேஜ் ஆஸ்டல்ல வச்சிருக்காங்க.
சத்து மாத்திரையாம். நாலு தடவ போன் பண்ணிட்டா.
சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள்ள இருந்திச்சு."

தையல்நாயகி, 31.
எனக்குத் தெரியும்.
ஐந்து வருடமாக, மாதத்தின் முதல் செவ்வாய்.
வாங்கியதும் இங்கேயே நின்று
ஒவ்வொன்றாய்ப் பிதுக்கி
ஒரு சத்து மாத்திரை டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு
வெறும் அட்டையை என்னிடம் தந்துவிட்டுப் போகிறவள்.
"ஈரம் ஏறிடும்மா" என்றேன் ஒருமுறை.
"ஏறட்டும்" என்றாள்.

மாத்திரையின் பெயரை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை.
எங்கள் பக்கத்தில் அந்த நோய்க்கு
முதலில் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள்,
பிறகு தாய்வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள்.

"மூணு மாசம்னு போட்டது. தையிலேயே எழுதினது"
என்றார் முதலாளி.
"சத்து மாத்திரதானே பாய்" என்றேன்.
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
சீட்டைப் பார்த்தார்.
மூன்று அட்டைகளை முழுதாக எடுத்துவைத்தார்.
அந்த மாதத்தில் முதல்முறையாக
கத்தரிக்கோல் சும்மா இருந்தது.

நீலமேகம் நகரவில்லை.
"ராத்திரி ஒண்ணு விட்டுப்போனா..."
"விடக்கூடாது."
"அதான். நாளையோட தீந்துடும்.
சாயங்காலம் பால்வண்டி போகுது,
டிரைவர்கிட்ட சொல்லிவச்சிருக்கேன்."

எப்போது தீரும் என்று
அவனிடம் யார் சொன்னது?

பிறகு அலமாரியைக் காட்டி,
"அந்தச் சத்து மாத்திர டப்பா ஒண்ணு குடுங்க" என்றான்.
நான் வேறொன்றை எடுத்தேன்.
"அது இல்ல. பச்ச மூடி."

நூற்றுப் பத்து ரூபாய். எண்ணிக் கொடுத்தான்.
மூடியைத் திருகி, உள்ளே இருந்ததை எல்லாம்
சட்டைப் பையில் கொட்டிக்கொண்டான்.
அட்டையைக் கையில் எடுத்து
மூட்டைக்கொக்கி பிடித்துத் தடித்த கட்டைவிரலால்
ஒவ்வொன்றாய்ப் பிதுக்க ஆரம்பித்தான்.
நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன்.
பாய் மின்விசிறியைப் பார்த்தார்.
டப்பாவுக்குள் டொக், டொக் என்று விழுந்துகொண்டிருந்தது.

கடைசி ஒன்று துள்ளி
சுண்ணாம்பு வட்டத்துக்குள் போய் விழுந்தது.
குனிந்து எடுத்து, ஊதி,
போடுவதா வேண்டாமா என்று வைத்துக்கொண்டு நின்றான்.
வேறொன்றைக் கத்தரித்துக் கொடுத்தேன்.

வெறும் அட்டைகளை என் பக்கம் தள்ளினான்.
"இத நீங்களே போட்டுருங்க."

பையில் சத்து மாத்திரைகள் குலுங்க
சைக்கிளோடு மறுபடியும் ஆற்றுக்குள் இறங்கினான்.

அதிகப்படியான அந்த ஒன்றை
என் சம்பளக் கணக்கில் எழுதிவைத்தேன்:
சத்து மாத்திரை, 1.