ஆறாம் எண் மைக்

லோதி சாலைக் கருத்தரங்கு மண்டபத்தில்
கடைசி வரிசைக்கும் பின்னால்
ஒலிப்பலகையும் நானும்.
பேச வருகிறவர்களுக்கு என் முகம் தெரியாது,
விரல் தெரியும்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
மூன்றாம் நிமிடம் முடிந்தால் இறக்கிவிடுவேன்.

இன்றைய தலைப்பு
அயல்நாட்டுக் கொடுங்கோலனைப்
படை அனுப்பி இறக்கலாமா.
தட்டில் முந்திரி பிஸ்கட் மட்டும் தீர்ந்திருக்கிறது.

ஒன்றாம் மைக்கில் ஓய்வுபெற்ற பிரிகேடியர் சூத்:
பக்கத்து வீட்டில் ஒருவன்
பிள்ளையை அடித்தே கொல்கிறான்,
கதவை உடைக்கமாட்டீர்களா?
மூன்றாம் மைக்கில் பேராசிரியர் பாதுரி:
உடைத்தவர் கூடத்தில் கட்டில் போட்டுவிட்டாரே,
வாடகையும் வசூலிக்கிறாரே?
அரங்கம் சிரிக்கிறது.
என் அளவுமானியில் சிரிப்பு
மஞ்சள் வரை ஏறி இறங்குகிறது.

நானும் பாதுரி கட்சிதான்.
இருபது வருடமாய் இங்கே உட்கார்ந்து
எல்லாப் போரையும் காதில் மாட்டிக் கேட்டவன்.
வெளியிலிருந்து வரும் விடுதலைக்கு
பில் பின்னால்தான் வரும் என்று
மின்பணி குல்தீப்பிடம்
டீக்கடையில் அளந்திருக்கிறேன்.

ஆனால்
இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம்,
ஜந்தர் மந்தரில்
தார் உருகிச் செருப்பில் ஒட்டிய வெயிலில்
நான் பிடித்திருந்த அட்டையில்
என் கையெழுத்தில் என்ன இருந்தது?
'யாராவது வாருங்கள்.'
எந்தக் கொடி, யாருடைய கப்பல்,
எண்ணெய்க்கா, துறைமுகத்துக்கா
ஒன்றும் கேட்கவில்லை அன்று.
பேய் வந்து காப்பாற்றியிருந்தால்
பேய்க்கும் படையல் வைத்திருப்பேன்.
யாரும் வரவில்லை.
அட்டையை ஆர்.கே.புரம் வீட்டில்
அலமாரிக்கு மேல் எறிந்தேன்.

தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது
தர்மினி அதை எடுத்துப் படித்தாள்.
கொக்குவிலில் பிறந்தவள்.
அப்போது ஒன்றும் பேசவில்லை.
இரவு இடியப்பத்தில் சொதி விடும்போதுதான்:
"உங்கட ஆமி வந்தநேரம்
நாங்கள் மாலை போட்டனாங்கள்.
அம்மா வாளியில தேசிக்காய்த் தண்ணி
கரைச்சுக் குடுத்தவ.
ஆடியில மாலை.
ஐப்பசியில அப்பா."

அப்பாவுக்குப் பின் வினைச்சொல் வரவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
சொதி ஆறிப்போனது.

ஆறாம் மைக் பார்வையாளர்களுக்கு.
ஹஷ்மத், காபூல்காரர்.
லஜ்பத் நகரில் நோயாளியின் வலியை
டாக்டருக்கு இந்தியில் பெயர்த்துச் சொல்வது வேலை.
"அந்நியர் வந்த பிறகுதான்
என் தங்கை பள்ளிக்கூடம் பார்த்தாள்.
பல் டாக்டரானாள்.
மாமா வீட்டுக் கல்யாணத்தில்
மேலிருந்து ஒன்று விழுந்தது,
பதினாறு பேர். தவறுதலாம், பணம் தந்தார்கள்.
பிறகு போய்விட்டார்கள்.
தங்கை இப்போது வீட்டுக்குள் இருக்கிறாள்,
கருவிப் பெட்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறாளாம்.
எனக்குக் கூட்டிக் கழிக்க வரவில்லை.
நீங்கள் இருவரும் விடை சொன்னீர்கள்,
எந்தக் கணக்கில் என்று..."

சிவப்பு.
மேடையிலிருந்து தலைவர் என்னைப் பார்த்துத்
தலையசைத்தார்.
விரல் பலகைமேல்தான் இருந்தது.
இறக்கவில்லை.

திறந்து கிடந்த மைக்கில்
ஹஷ்மத் ஒரு வார்த்தையும் பேசவில்லை.
மூச்சு மட்டும்
பதினாறு ஸ்பீக்கரிலும்.
ஏசி கொஞ்சம்.
பிறகு அவரே "ஷுக்ரியா" என்று உட்கார்ந்தார்.

நான் செய்தது உதவியா,
அம்மணமாக நிறுத்திவைத்ததா,
வீடு வந்து சேரும்வரை பிடிபடவில்லை.
யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லையே.

சூத்தும் பாதுரியும் ஒரே காரில் போனார்கள்.
மண்டபத்துக்காரர் நாளைக்கு விளக்கம் கேட்பார்.
அலமாரி மேல் அட்டை இருக்கிறது,
எறியவும் மனமில்லை,
மறுபடி தூக்கிப் பிடிக்கச் சொன்னால்
மாட்டேன் என்று சொல்ல
வாயும் வராது.

ஒயர் சுருட்டும்போது
ஆறாம் எண் மைக் பிடியில்
வியர்வை காயாமல் இருந்தது.
சட்டை நுனியால் துடைத்து
பெட்டியில் அதனிடத்தில் வைத்தேன்.