மாடிக்கு வைத்த பணம்

மூன்றாம் முறையும் வரைபடம் திரும்பி வந்தது.
சரிவு, ஓடைப் புறம்போக்கு, உயர வரம்பு என்று
சிவப்பு மையில் காரணங்கள்.
மேலே ஓர் அறைக்கு அனுமதி இல்லையென்றால்
கீழேதான் போகவேண்டும் என்றேன்.
ஆல்துரை சிரிக்கவில்லை.
கேரட் கிலோ நூறைத் தொட்ட வருஷத்துப் பணம்
வங்கியில் கம்பளி போர்த்திக் கிடந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது இந்த ஸ்கூபா.

கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் வீடு.
கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தரை,
அதன்கீழ் கூலி கேட்காமல் உலவும் மீன்கள்.
ஒரு ராத்திரிக்கு அவர்கள் கேட்பது
ஒரு மினிலாரி உருளைக்கிழங்கின் விலை.

"தண்ணி எத்தனை டிகிரி?"
அவன் கேட்ட முதல் கேள்வி.
இருபத்தெட்டு.
"அது கடலா, அடுப்பா?"
இருபது வருஷமாகப் பாலாடாவில்
அதிகாலை இரண்டு மணிக்கு
கேரட் கழுவும் எந்திரத்தருகே நிற்பவன்.
அவனுக்குத் தண்ணீர் என்றால்
நகத்தின் அடியில் ஏறும் ஊசி.

நான் ஜனவரியை வட்டமிட்டேன்.
அங்கே அலை அடங்கி அடி தெரியும் மாதம்.
இங்கே புல்லெல்லாம் உப்புப் பூத்தாற்போல் உறைபனி.
"பனியில செடிய விட்டுட்டு எப்படி?"
என்ற கேள்வி
நான்கு நாள் அடுக்களையில் உட்கார்ந்திருந்தது.
தம்பி போஜன் தார்ப்பாய்களை எண்ணி
வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுந்து போனது.

பிறகு படிவம்.
ஆஸ்துமா உண்டா, இதயம் எப்படி,
நீச்சல் தெரியுமா.
(கழுவு தொட்டிக்குள் விழுந்து எழுந்ததை
எழுதலாமா என்றான்.)
இறங்கும்போது காது அடைக்கும்,
மூக்கைப் பிடித்து மெல்ல ஊதவும்.
இதற்கா பயிற்சி?
பர்லியார் வளைவுகளில் பஸ் முழுக்க
எச்சில் விழுங்குகிறவர்கள்தானே நாம்.
கல்லாற்றுப் பாக்குத் தோப்பில் ஒரு காது திறக்கும்,
மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் மற்றது.

தீவிலிருந்து அழைத்தவள் பெயர் ரொசிட்டா.
தூத்துக்குடிக்காரி. அங்கே வேலை.
"கடைசியா முங்கி எழுந்த பிறகு
பதினெட்டு மணி நேரம் ஃப்ளைட் ஏறக்கூடாது மேடம்.
உயரம் ஆகாது.
ரத்தத்துல குமிழி கட்டும்."
எவ்வளவு உயரம் என்று கேட்டேன்.
"ஃப்ளைட்டுக்குள்ள இருக்கிற காத்து
ஆறாயிரம் ஏழாயிரம் அடி மலை மாதிரி."
எங்கள் கேத்தி வீடே அந்த உயரம்தான் என்றேன்.
சற்று நேரம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.
"அங்கயா தினமும் இருக்கீங்க?"

ஆக, அந்தக் கட்டணத்தில்
முக்கால் நாள் சும்மா இருப்பதற்கு.
இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது.
ஆல்துரையோடு அப்படி ஒரே மட்டத்தில்
நான் உட்கார்ந்ததே இல்லை.
எங்கள் நிலம் படிப்படியாய் வெட்டியது.
யாராவது ஒருவர் ஒரு படி மேலே நின்றுதான்
இத்தனை வருஷமும் பேசியிருக்கிறோம்,
பாதி வார்த்தையைக் காற்று வாங்கிக்கொள்ளும்.
பவளம், ஆமை, திருக்கை என்று
அவர்கள் அனுப்பிய படங்களை ஒதுக்கிவிட்டு
அந்தப் பதினெட்டையே
மணி மணியாகப் பிரித்துப் பார்க்கிறேன்.
சாப்பாட்டுக்கு ஒன்று. தூக்கத்துக்கு ஏழு.
மிச்சம் பத்து.
பத்து மணி நேரம்
என்ன பேசுவான் இவன்?
இதை அவனிடம் சொல்லவில்லை.
முன்பணம் மட்டும் கட்டிவிட்டேன்.

நேற்று முகமூடி தபாலில் வந்தது.
லோடு ஏறிப் போனதும், பாலாடாவில்
யாரும் இல்லாத நேரம் பார்த்து
மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் தலையை அமிழ்த்தினான்.
டார்ச்சைப் பிடித்தபடி நான் எண்ணினேன்.
பன்னிரண்டில் பயந்தேன்.
இருபத்திமூன்றில் எழுந்தான், உதடு நீலம்.

என்ன தெரிஞ்சது?

"சேறு," என்றான்.
மூச்சு வாங்கியது.
"அப்புறம் ஒரே ஒரு கேரட்.
என்னைப் பாத்துட்டு
அது பாட்டுக்கு நீந்திப் போச்சு."