படிவத்தின் நான்காம் கேள்வி

வீட்டில் பேசும் மொழி எது?
எனக்கு ஐந்து வயதாகும்போது
அம்மா அதற்கு உண்மையை எழுதினாள்.
ஸ்பானிஷ்.
அந்த ஒரு சொல்லுக்கு
எட்டு வருடம் நான் வட்டி கட்டினேன்.

பிப்ரவரி வந்தால் போதும்,
அறிவியல் வகுப்பின் நடுவில் கதவு திறக்கும்.
மரிக்ருஸ் தஃபோயா என்ற என் பெயரை
கல் கிடந்த சோறுபோல
யாரோ மென்று துப்புவார்கள்.
எலுமிச்சம்பழத்தில் கம்பி செருகி
விளக்கு எரியவைக்கும் பாடம் அன்று.
எரியப் போகிற நேரம்.
பழத்தை டானரிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றறை.
காதில் கருவி, திரையில்
ஒரு வாளி, ஒரு நாய், ஒரு கத்தரிக்கோல்.
கத்தரிக்கோலைத் தொடு என்றது குரல்.
நூலகத்தின் தடித்த நாவல்களையெல்லாம்
அந்த மழைக்காலத்திலேயே முடித்திருந்தவள்
கத்தரிக்கோலைத் தொட்டேன்.

பக்கத்தில் லிபான். சோமாலியாவிலிருந்து வந்து
மூன்று வாரம்.
அவன் உண்மையாகவே
கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தான்.
என் நாற்காலியை
அவனைவிட்டுத் தள்ளிப் போட்டேன்.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
தாளில் டானரின் பெயர்.

ஐந்தாம் கேள்வி இனம்.
வெள்ளை, கறுப்பு, ஆசியர், பிற.
அப்பாவிடம் கேட்டேன்.
மாட்டிறைச்சி ஆலையிலிருந்து வந்து
காலுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர்
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கத்தி இழுத்த தழும்பு மட்டும்
வெள்ளையாக இருந்தது.

திருமதி லிண்ட்குவிஸ்ட் நல்லவர்.
கையில் மிட்டாய் வைப்பதுபோல ஒருநாள் சொன்னார்:
நீ பேசினால் உன் ஊர் தெரிவதே இல்லை!
என் ஊர் இதுதான்.
இதே நெப்ராஸ்கா, இதே சோளக்காடு,
அவருடைய மகள் பிறந்த அதே ஆஸ்பத்திரி.
நன்றி என்றேன்.
வீடு வரைக்கும் அந்த நன்றி
மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது.

எலிசேயோ பள்ளியில் சேரும் வருடம்
எனக்குப் பதினேழு.
இரவுப் பணிக்குக் கிளம்பிய அம்மா
படிவத்தை என்னிடம் நீட்டி, நீயே நிரப்பு என்றாள்.
நான்காம் கேள்வியில்
ஆங்கிலம் என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை. அழகான கையெழுத்து.

எழுதியதை உண்மையாக்க வேண்டுமே.
ஆகுவா என்று அவன் கேட்டால்
காதில் விழாதவள்போல இருந்தேன்.
வாட்டர் என்றதும் தம்ளரை நீட்டினேன்.
நான்கே மாதம்.
பிள்ளைகள் தாகத்தில் எதையும் கற்றுக்கொள்வார்கள்.

எந்தப் பிப்ரவரியும் அவனைத் தேடி வரவில்லை.
அவனுடைய எலுமிச்சை
அவன் கையிலேயே எரிந்தது.
படம் எடுத்து அனுப்பினான்.
லிங்கனில், வேலைக்கு நடுவே,
கழிப்பறைக்குள் நின்று அதைப் பார்த்து அழுதேன்.
சந்தோஷத்தில்தான், பெரும்பாலும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன்.
எதற்கோ எலிசேயோ சிரித்தான்,
வாய் நிறைய பீன்ஸோடு.
அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.
அவனைப் பார்த்து, மெதுவாக,
தன் மொழியில் சொன்னார்:
செத்துப்போன என் தம்பி
இப்படித்தான் சிரிப்பான்.

எலிசேயோ என் பக்கம் திரும்பினான்.
என்ன சொல்றார்?

ஒரே மேசை. இரண்டு முழம் தூரம்.
நடுவில் நான்.

எனக்கு வாய் வரவில்லை.
உப்பு போதுமா என்று கேட்கிறார், என்றேன்.

அவன் அப்பாவைப் பார்த்து
மரியாதையாகத் தலையாட்டினான்.
போதும் என்றான், ஆங்கிலத்தில்.

அப்பா இப்போது
என் வாயைப் பார்த்துக் காத்திருக்கிறார்.