காற்றுப் பலகை

மூக்கையூர் ஏலக்கூடத்தில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
விளமீன் எத்தனை கூடை, யார் எடுத்தது, பாக்கி எவ்வளவு,
என் நோட்டில் கடல் இவ்வளவுதான்.

லியோன் மோத்தா வந்த வருஷம்
கச்சான் முன்னாடியே எழும்பிவிட்டது.
முப்பத்தெட்டு வருஷம் பீரங்கிப் படை,
மேஜர் ஜெனரலாக ஓய்வு,
இடது காது முழுச் செவிடு.
பெங்களூரில் வீடு, கிளப், டாக்டர் எல்லாம் இருக்க
இந்த உவர்மண்ணில் என்ன வேலை என்று
கூடப்பிறந்த தங்கச்சியே கேட்டாள்.
கேட்காத காதுப் பக்கமாக நின்று கேட்டாள்.

முதலில் ஒரு வல்லம் வாங்கினார்.
அதைக் கரையேற்ற ஆறு பேர் வேண்டும்;
ஏழாவதாக அவர் பிடித்தால் எடை கூடியது.
பிறகு மீனவர் அட்டைக்கு மனுப் போட்டார்.
ராமநாதபுரத்தில் வரிசையில் நின்று
இயந்திரத்தில் விரல் வைத்தார்.
தொழிலுக்கு அத்தாட்சி இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.
"நியாயம்தான்" என்றாராம்.
சாயல்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்.

அதற்கப்புறம்தான் பலகை.
ஏலக்கூடத்துத் தூணில் ஒரு கரும்பலகை,
தூண் உச்சியில் சுழலும் நாலு கிண்ணம்.
விடியக்காலை மூன்றரைக்கு டார்ச்சோடு வந்து எழுதுவார்:
தென்மேற்கு. பதினாலு நாட். பத்து மணிக்கு மேல் கூடும்.
காற்றை அளக்காமல் பீரங்கி சுடமாட்டார்களாம்,
மலையில் பலூன் விட்டுப் பார்ப்பார்களாம்.
"கச்சான்னு ஒத்தச் சொல்லுல முடியறதுக்கு
இம்புட்டு சாக்பீஸா" என்றார் மிக்கேல்பிச்சை.
கூடமே சிரித்தது.
அவர் அழித்துவிட்டுக் கச்சான் என்று எழுதினார்.
அடியில், பதினாலு நாட்.

ஒன்று மட்டும் எழுதமாட்டார்.
போகலாமா, வேண்டாமா?
எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள்.
போ என்றால் ஆயிரம் பேர் போன வாய்,
சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே சொல்லும்:
"காத்து பதினாலு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஒரு மழை நாளில் அவர் மறந்துபோன நோட்டை
நனையாமல் எடுத்து வைத்தேன்.
கணக்கெழுதுகிற கை புரட்டாமல் இருக்குமா.
நாள்வாரியாகக் காற்று, திசை, வேகம்.
கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு பழைய தேதி.
கணித்தது பன்னிரண்டு. அடித்தது இருபத்தாறு.
முன்னாலேயே விழுந்தது.
கீழே நாலு பெயர்,
நம் பக்கத்துப் பெயர்கள் இல்லை.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கிராமம், ஒரு பின்கோடு.
என் நோட்டில் அந்த இடத்தில்தான் பாக்கி எழுதுவேன்.
மூடி வைத்தேன். கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள்
கடல் எண்ணெய் ஊற்றினமாதிரி கிடந்தது.
கிண்ணம் சுற்றவில்லை.
கிழக்கே மட்டும் சாம்பலாய் என்னவோ.
பதினொரு வல்லம், நாற்பத்துமூன்று ஆள்,
ஐஸ் ஏற்றி டீசல் ஊற்றிப் பலகைக்காக நின்றார்கள்.
வானத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.
மறுபடி வானத்தை.
அப்புறம் எழுதினார்:

தெரியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை.
கலெக்டர் ஆபீசிலிருந்தோ, ரேடியோவிலிருந்தோ
இப்படி ஒரு சொல் எங்கள் கரைக்கு வந்ததே கிடையாது.
மிக்கேல்பிச்சைதான் முதலில் எஞ்சினைக் கழற்றினார்.

காற்று வரவில்லை.
அன்று முழுக்க வரவில்லை, மறுநாளும் நல்ல வெயில்.
வாலிநோக்கத்துக்காரர்கள் சீலாவாக அள்ளிவந்து
எங்கள் கண்முன்னேயே விற்றார்கள்.
ஐஸ் உருகி ஓடியது.
ஆளாளுக்கு நட்டக் கணக்குச் சொல்லி
வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.
அவர் கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொண்டு
கடைசி ஆள் ஏசி முடிக்கும்வரை நின்றார்.
அடுத்த நாள் மூன்றரைக்கு அதே டார்ச்.

அன்றைய பக்கத்தில் எழுத மீன் இல்லை.
வெறுமனே விட மனசு வராமல்
வரவில் நாற்பத்துமூன்று என்று போட்டேன்.
பங்குனியில் தணிக்கைக்கு வந்தவர்
அதில் விரலை வைத்து நிமிர்ந்தார்:
"இது என்ன, கூடையா, ரூபாயா?"