தாளம்: மூன்றாம் மாடி

கௌனாஸில் முதல் பனி விழுந்த வாரம்
டிரம்ஸை வேனில் ஏற்றிக்கொண்டு
பெர்கனுக்குப் போய்விட்டாள் வைவா.
இசைக்குழுவில் மிச்சம்
நான், நாலு கம்பி,
தவணை முடியாத ஒரு கம்ப்ரஸர்.

சமையலறை மேசைதான் ஸ்டுடியோ.
ரொட்டித்துகளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு
லேப்டாப்பைத் திறப்பேன்.
உடைந்த பனிச்சறுக்குப் பலகையொன்றில்
பெடல்கள் வரிசையாய் ஒட்டியிருக்கின்றன.
முதலில் ட்யூனர். முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.
அடுத்து கம்ப்ரஸர்.
கத்துகிறவனை உட்காரவைத்து
முனகுகிறவனை எழுப்பிவிடும்.
கடைசியில், சந்தையில் பேரம் பேசி வாங்கிய ஃபஸ்.
மூடியைக் கழற்றினால்
யாரோ பற்றவைத்தபோது உதிர்ந்த தலைமுடி ஒன்று
ஈயத்துளியில் சிக்கிக் கிடக்கிறது.
எடுக்கவில்லை.
எடுத்தால் சத்தம் மாறிவிடுமோ என்று பயம்.

ஹெட்போனிலேயே வாசித்திருக்கலாம்.
ஆனால் காற்றை நகர்த்தாத பேஸ்
சாப்பாட்டின் புகைப்படம் மாதிரி.
ஸ்பீக்கர் பெட்டியை அலமாரிக்குள் தள்ளி
குளிர்கோட்டுகளுக்கு நடுவில்
ஒரு மைக்கைத் தொங்கவிட்டேன்.
கதவைச் சாத்தி, கதவின்மேல் ரஜாய்,
ரஜாயின்மேல் நம்பிக்கை.

மேல் சுரங்களுக்குச் சுவர் சுவர்தான்.
அடிக்கம்பிக்கு அது கொசுவலை.
நொடிக்கு நாற்பத்தொரு தடவை நடுங்கி
தரைவழியே இறங்கி
கீழ்வீட்டு டங்குவோலேயின் கட்டில் காலைப் போய்த் தொடும்.
அவர் டிராலிபஸ் ஓட்டுகிறவர்.
விடியற்காலை மூன்றுக்கு எழவேண்டும்.
இரவு எட்டரை அவருக்கு நடுநிசி.

மூன்றாவது டேக்.
விரல் அப்போதுதான் சூடாகி
தப்பில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.
பத்தொன்பதாவது பாரில்
டொம்.
டொம் டொம்.
துடைப்பக்கட்டை.

நிறுத்தவில்லை.
பயந்து கொஞ்சம் மெதுவாக வாசித்தேன், அவ்வளவுதான்.

பிறகு கேட்டேன்.
திரையில் மூன்று சின்ன மேடுகள்.
தாளக்கட்டத்துக்குப் பதினெட்டு மில்லிசெகண்ட் பின்னால்.
வைவா அவசரக்காரி.
நாலு வருஷம் கெஞ்சியும்
அந்த இடத்தில் அவள் ஒரு நாளும் உட்காரவில்லை.
தூக்கத்திலிருந்து எழுந்த ஒரு மனுஷி
கூரையைப் பார்த்துக்கொண்டே
சரியாக உட்கார்ந்துவிட்டார்.
மேல் அலைவரிசையைச் சீவினேன்.
கொஞ்சம் எதிரொலி.
நேராக்கும் பொத்தான் கண்ணெதிரே இருந்தது.
அதன் பக்கம் கையே போகவில்லை.

பல்லவிக்கும் அது வேண்டியிருந்தது.
நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன்.
ஒரே கோபத்தை எட்டுமுறை படுகிறவர் யார்?
புதுக்கோபம் வேண்டும்.

மறுநாள் இரவு வால்யூமை ஒரு கோடு ஏற்றினேன்.
தட்டலில்லை.
அதற்கு மறுநாள் இரண்டு கோடு.
நாலாம் நாள் ஃபஸ்ஸையும் மிதித்தேன்.
அலமாரிக்குள் சட்டைப் பொத்தான்கள் ஆடின,
ஐந்தாம் மாடியில் யாரோ வீட்டு நாய் குரைத்தது,
நான் நாலு பார் காலியாக விட்டுக் காத்திருந்தேன்.
ஒன்றுமில்லை.

லேப்டாப்பைத் தட்டுபோல் ஏந்தி
படியிறங்கிப் போய் மணியடித்தேன்.
திறந்தார்.
இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறப் பஞ்சு.
மன்னிப்பை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.
எப்படியும் அவருக்குக் கேட்காது என்பதால்
பேசாமல் ஹெட்போனை நீட்டினேன்.

பஞ்சை எடுத்தார்.
நிலைப்படியில் நின்றபடியே கேட்டார்.
பத்தொன்பதாவது பார் வந்தபோது
புருவம் மட்டும் அசைந்தது.
முழுதும் கேட்டுவிட்டு
முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்து
"ரெண்டாவது தட்டு தாமதம்.
தூக்கக்கலக்கத்தில் அடித்தது.
திரும்ப எடுக்கணும்" என்றார்.

ஐயோ, அந்தத் தாமதம்தான் பாட்டே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் உள்ளே போய்விட்டார்.
ஞாயிறு மாலை, நாலு மணிக்குமேல் முடியாது என்று
சமையலறையிலிருந்து குரல்.
எட்டிப் பார்த்தேன்.
துடைப்பக்கட்டையின் நுனிக்கு
ஒரு கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார்.
சத்தம் கொஞ்சம் மெத்தென்று விழட்டுமாம்.